கில்லார்னியில் செயின்ட் பேட்ரிக் வாரம்: வேடிக்கை பார்க்காமல் கலந்துகொள்வது எப்படி

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி கவுன்டியில் இருக்கும் கில்லார்னி முழுக்க முழுக்கச் சுற்றுலாவை நம்பி வாழும் ஊர். அயர்லாந்தின் காவல் புனிதரான செயின்ட் பேட்ரிக்கின் நாள் மார்ச் 17. அதை ஒட்டிய வாரத்தில் தெருவெங்கும் பச்சைத் தோரணம், கடை வாசலில் தொப்பி வியாபாரம், பப்களில் நிற்க இடமில்லாத கூட்டம். அன்று காலை வந்து, ஊர்வலம் பார்த்து, படம் எடுத்து, மாலையில் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் பார்ப்பது திருவிழாவின் மேல்தோல் மட்டுமே. ஐரிஷ்காரர்களின் இசையும் ஆட்டமும் மொழியும் வெளியூர்க்காரர்களுக்குத் திறந்தே இருக்கின்றன. உள்ளே போகக் கொஞ்சம் முன்தயாரிப்பும், சில நடைமுறைகளைத் தெரிந்துகொள்வதும் போதும்.

எந்த நாட்களில் போவது

மார்ச் 17 அயர்லாந்தில் 1903 முதல் பொது விடுமுறை. மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழிக்கான 'ஷாக்தன் ந கெய்ல்கெ' விழாவும் நடக்கிறது. அதனால் 13 அல்லது 14-ஆம் தேதி போய்ச் சேர்ந்து 18 இரவுவரை தங்குவது நல்ல கணக்கு. 17-க்கு முந்தைய இரண்டு இரவுகளில் கூட்டம் குறைவு, இசைக்காரர்களுக்கும் நிதானம் இருக்கும். 18 இரவு இன்னும் மேல். வந்த கூட்டம் போய்விட்டிருக்கும், உள்ளூர் ஆட்கள் தங்களுக்காக வாசிப்பார்கள்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பெரும்பாலான வண்டிகளுக்கு மாலோவில் இறங்கி மாற வேண்டும். 17-ஆம் தேதி ரயிலும் பஸ்ஸும் விடுமுறை நாள் அட்டவணைப்படிதான் ஓடும். வார நாள் அட்டவணையைப் பார்த்துவிட்டு நிலையத்தில் போய்க் காத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அன்றைக்கு ரயில், பஸ் பயணமே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் மாதப் பகல் 10 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், மழை எப்போது வேண்டுமானாலும் வரும். காற்று குடையைப் புரட்டிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டும் நீர் புகாத காலணியும் கொண்டு போங்கள். ஆட்டத்துக்கு வேறு ஒரு ஜோடி காலணி வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

செஷனில் உட்காருவது

இந்த வாரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் செஷனுக்குப் போங்கள். பப்பின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஃபிடில் (வயலின்), புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா, பட்டன் அக்கார்டியன், பான்ஜோ, சில வேளைகளில் இல்லன் பைப் (முழங்கையால் காற்றடித்து வாசிக்கும் பைக்குழல்) ஆகியவற்றைச் சேர்ந்து வாசிப்பது செஷன். மேடையில் மைக் வைத்து கிட்டாரோடு பாடுவது வேறு வகை நிகழ்ச்சி. சுற்றுலாத் தெருக்களில் அதுதான் அதிகம் கண்ணில் படும். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் அதைக் கேட்டுவிட்டு செஷன் கேட்டதாக நினைத்துவிட வேண்டாம். தங்கும் இடத்திலோ பப் கவுன்டரிலோ "இன்று இரவு செஷன் எங்கே?" என்று அதே சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் இரவு 9 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். மரபிசையை வளர்க்க 1951-இல் தொடங்கப்பட்ட 'கோல்டஸ் கியோல்தோரி எரின்' அமைப்புக்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. அவர்களின் செஷன்கள் வெளியாருக்கும் புதியவர்களுக்கும் பொறுமையாக இடம் கொடுப்பவை.

உள்ளே போனதும் முதலில் கவனிக்க வேண்டியது நாற்காலி. மூலை மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகள் காலியாக இருந்தாலும் அவை வாசிப்பவர்களுக்கானவை. அங்கே உட்காருவதும், அந்த மேசையில் உங்கள் கோப்பையை வைப்பதும் கூடாது. ஒரு வரிசை தள்ளி உட்காருங்கள்.

அடுத்தது, என்ன வாசிக்கிறார்கள் என்று பிடிபட வேண்டும். இவை பெரும்பாலும் பாட்டுகள் கிடையாது, ஆட்டத்துக்கான மெட்டுகள். ஒரு மெட்டுக்கு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டங்கள். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசித்தால் 32 பார், அது ஒரு சுற்று. ஒரு மெட்டை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தால் ஒரு செட். மெட்டு மாறும் இடத்தில் கைதட்டினால் அது நடுவில் தட்டுவது. செட் முடிந்து கருவிகளைக் கீழே வைக்கும்போது தட்டுங்கள்.

நடையை வைத்து வகையைச் சொல்லிவிடலாம். ரீல் நான்கு நான்காகப் போகும், நம் சதுஸ்ர நடை. ஜிக் மும்மூன்றாக, திஸ்ர நடையில் துள்ளும். ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கை. கில்லார்னிக்குக் கிழக்கே கார்க் கவுன்டி எல்லையை ஒட்டியுள்ள ஷ்லீவ் லூக்ரா பகுதிக்கென்று தனிச்சுவை ஒன்று உண்டு: பொல்காவும் ஸ்லைடும். பொல்கா இரண்டு எண்ணிக்கையில் அழுத்தி அடிக்கும், ஸ்லைடு ஜிக்கைப் போலவே மும்மூன்றாக, ஆனால் நீண்ட மூச்சில் ஓடும். இந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய் ஃபிடில் சொல்லிக்கொடுத்த பாட்ரிக் ஓகீஃப் 1963-இல் மறைந்தார். அவரிடம் கற்றவர்களின் வழியாக வந்த மெட்டுகள் இன்றும் இங்கே வாசிக்கப்படுகின்றன. கில்லார்னியில் பொல்கா செட் கேட்டால் அது இந்த மண்ணின் சொந்தச் சரக்கு என்று தெரிந்துகொள்ளலாம்.

தாளம் தட்டாதீர்கள். கச்சேரிக்குப் போய்ப் பழகியவர்களுக்குக் கை தானாக எழும், அடக்கிக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த அறையில் பத்துப் பேர் தட்டினால் ஒலி வாசிப்பவர்களின் காதுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதோடு பொருத்தப் பார்த்து வேகம் இழுபடும், பிறகு சிதறும். காலால் மெல்லத் தட்டுவது பரவாயில்லை. அதே காரணத்தால்தான் பௌரான் என்ற கைப்பறையையும் ஒரே சமயத்தில் ஒருவர் மட்டும் வாசிப்பது வழக்கம். கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு நேராக செஷனுக்கு வருவது எங்கும் வரவேற்கப்படாத காரியம்.

நடுவில் யாராவது துணைக்கருவி இல்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துங்கள். கவுன்டரில் பானம் கேட்பதுகூட அப்போது நிற்கும். கண்ணை மூடி, அசையாமல், ஒவ்வொரு அடியையும் சற்றே வேறுபட்ட கமகத்தோடு பாடும் ஷான்-நோஸ் பாட்டு அது. பெரிய ஆரவாரம் தேவையில்லை. முடிந்ததும் "மா ஹூ" என்றால் 'சபாஷ்' என்று பொருள்.

வயலின் அல்லது குழல் வாசிக்கத் தெரிந்தவர்கள் கலந்துகொள்ள விரும்பினால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஐரிஷ் ஃபிடில் மேற்கத்திய வயலினின் வழக்கமான ஜி-டி-ஏ-இ சுருதியில், ஏ 440-க்கு வைத்தது. கர்நாடக சுருதிக்கு இறக்கிய வயலினோடு போய்ச் சேர முடியாது, தந்தியை மாற்றிச் சுருதி கூட்டுங்கள். மெட்டுகள் பெரும்பாலும் டி அல்லது ஜி-யை ஆதாரமாகக் கொண்டவை, ஏ-யும் இ-யும் வரும். ஸ்வரங்கள் நமக்குப் புதியவை இல்லை: சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரஹரப்ரியா ஆகிய மூன்றின் ஸ்வரங்கள் கையில் இருந்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆனால் கமகத்தை நம் வழியில் போட்டால் மெட்டு கலைந்துவிடும். அங்கே 'ரோல்', 'கட்' என்று ஸ்வரத்தைச் சட்டென வெட்டும் அலங்காரங்கள்தான். நான்கைந்து மெட்டுகளை மனப்பாடமாக, நிதான வேகத்தில் முழுச் சுற்று வாசிக்கப் பழகிக்கொண்டு, அங்கே போனதும் ஒருவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். தெரியாத மெட்டு வந்தால் கருவியை மடியில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. தேடித்தேடி வாசிப்பது பக்கத்தில் இருப்பவரைக் கெடுக்கும்.

படம் எடுக்க ஒரு பார்வையாலாவது அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். வாசித்தவர்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால் பணத்தை நீட்டாமல், அவர்கள் குடிப்பதை கவுன்டரில் விசாரித்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேலியில் ஆடுவது

கேலி என்பது ஊர்கூடி ஆடும் நடன இரவு. பார்க்க மட்டும் போகிறவர்களையும் யாராவது கைப்பிடித்து இழுத்துவிடுவார்கள். அதனால் ஒரு நடனத்தையாவது முன்கூட்டியே அறையில் பழகிவிடுங்கள். தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது 'வால்ஸ் ஆஃப் லிமரிக்'. ரீல் மெட்டுக்கு ஆடுவது. ஒரு சுற்று ஆட்டம் சரியாக 32 பார், மெட்டின் ஒரு சுற்றும் 32 பார். ஆகவே காதைத் தீட்டிக்கொண்டாலே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அடிப்படை அடவு இரண்டே. 'செவன்': பக்கவாட்டில் ஏழு எண்ணி நகர்வது. ஒரு கால் போக, மறுகால் அதன் பின்னால் வந்து சேரும். இதற்கு இரண்டு பார். 'த்ரீ': நின்ற இடத்திலேயே ஒன்று-இரண்டு-மூன்று என்று கால் மாற்றுவது, ஒரு பார். ஒரு செவனும் இரண்டு த்ரீயும் சேர்ந்தால் நான்கு பார். இதைக் கண்ணாடி முன் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறிமாறி அரை மணி நேரம் செய்தால் போதும்.

இனி ஆட்டம். ஜோடிகள் எதிரெதிராக, நான்கு பேர் ஒரு குழுவாக, நீள வரிசையில் நிற்பார்கள். பெண் ஆணின் வலப்பக்கம். இருவரும் பெண்களாகவோ ஆண்களாகவோ இருந்தால் யார் வலப்பக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், பாதியில் குழம்பாது.

முதல் எட்டு பார்: கைகோத்து எதிர் ஜோடியை நோக்கி முன்னே, பிறகு பின்னே, மீண்டும் ஒரு முறை. அடுத்த நான்கு பாரில் பெண்கள் இருவரும் செவன் போட்டுக் கடந்து இடம் மாறி, இரண்டு த்ரீயில் திரும்பி நிற்பார்கள். அதற்கடுத்த நான்கில் ஆண்கள் அதையே செய்வார்கள். இப்போது இரண்டு ஜோடிகளும் எதிர்ப் பக்கத்தில், ஆனால் பெண் அதே வலப்பக்கத்தில்தான். மூன்றாவது எட்டு: எதிர் ஜோடியில் உங்களுக்கு நேரே நிற்பவரின் வலக்கையைப் பிடித்து, வரிசைக்கு வெளியே பக்கவாட்டில் செவன், இரண்டு த்ரீ. அதே வழியில் திரும்பி வருதல். கடைசி எட்டு: உங்கள் சொந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டு மற்ற ஜோடியைச் சுற்றி வந்து, அவர்களுக்கு முதுகு காட்டி, அடுத்த குழுவிலிருந்து வரும் புதிய ஜோடியைப் பார்த்து நிற்க வேண்டும். பிறகு முதலிலிருந்து.

எல்லோரும் தடுமாறும் இடம் இந்தக் கடைசி எட்டுதான். சுற்றும் உற்சாகத்தில் ஒரு சுற்று அதிகம் போய், முகம் பழைய ஜோடியைப் பார்த்து நின்றுவிடும். ஆறாவது பாரிலேயே எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்று தலையைத் திருப்பிப் பாருங்கள். வரிசையின் ஓரத்துக்கு வந்து எதிரே யாரும் இல்லாமல் போனால் பயப்பட வேண்டாம். ஒரு சுற்று சும்மா நின்று ஜோடியாகத் திரும்பிக்கொண்டால் அடுத்த சுற்றில் ஆள் வந்துவிடும்.

இன்னொரு தவறு நீண்ட காலடி. அடி தோள் அகலத்தைத் தாண்டினால் ஏழு எண்ணிக்கைக்குள் போய்ச் சேர்வீர்கள், திரும்பி வர முடியாது. சிறு அடி, முன்பாதத்தில் எடை. ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஸ்போர்ட்ஸ் ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். உடல் சுழல, பாதம் நிற்க, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தோல் அடிப்பாகம் கொண்ட தட்டைக் காலணிதான் சரி. சுழலும்போது ஜோடியின் கையைப் பெருவிரலால் அழுத்தாதீர்கள், விரல்களைக் கொக்கி போல வைத்தால் போதும்.

மொழியில் நான்கு வாக்கியம்

கெர்ரியின் டிங்கிள் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி ஐரிஷ் மொழி வழங்கும் கெய்ல்டக்ட் பகுதி. கில்லார்னி ஆங்கிலம் பேசும் ஊர்தான். ஆனாலும் இந்த வாரத்தில் இரண்டு வார்த்தை பேசினால் முகம் மலரும். தெற்கு வட்டார உச்சரிப்பில்: வணக்கத்துக்கு "டீய க்விட்", அதற்குப் பதில் "டீயஸ் முர க்விட்". நன்றிக்கு "கு ரெவ் மா அகத்". கோப்பை உயர்த்தும்போது "ஸ்லான்ச்ச". பேட்ரிக் நாள் வாழ்த்து "லா ஏல பாட்ரிக் சன க்விட்". பிசகினால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், திருத்திச் சொல்லித் தருவார்கள். படங்களில் வரும் ஐரிஷ்காரர்களைப் போல இழுத்துப் பேசிக் காட்டுவதுதான் எரிச்சலூட்டும்.

பழைய பப்களில் கழிப்பறைக் கதவில் ஐரிஷ் மட்டும் எழுதியிருக்கும். எம் எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு, எஃப் எழுத்தில் தொடங்குவது ஆண்களுக்கு. ஆங்கிலப் பழக்கத்தில் பார்த்தால் தலைகீழாகத் தெரியும்.

17-ஆம் தேதி

அன்று கத்தோலிக்கர்களுக்குக் கடன் திருநாள், அதாவது கட்டாயம் பூசை காண வேண்டிய நாள். காலையில் பலர் பூசைக்குப் போவார்கள். கில்லார்னி செயின்ட் மேரீஸ் கதீட்ரலில் பின்வரிசையில் அமைதியாக உட்கார யாருக்கும் தடையில்லை.

சட்டையில் ஷாம்ராக் குத்திக்கொள்வது மூன்று இலைச் செடியால்தான். நான்கு இலை படம் போட்ட பொருட்களை வாங்காதீர்கள். அது அதிர்ஷ்டச் சின்னம், பேட்ரிக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கடைகளில் உயிர்ச்செடி கிடைக்கும். சிறு கொத்தாக வாங்கி, தண்டின் அடியில் ஈரப் பஞ்சு சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள் மடித்து, இடது மார்பில் ஊக்கு குத்துங்கள். வெறுமனே குத்தினால் ஊர்வலம் தொடங்கும் முன்பே வாடிவிடும்.

ஊர்வலத்தில் வருவது பள்ளிக்கூடங்கள், விளையாட்டுச் சங்கங்கள், இசைக்குழுக்கள், தீயணைப்பு வண்டி, புதிதாகக் குடியேறியவர்களின் சங்கங்கள் என்று ஊர்க்காரர்கள்தான். முக்கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள், குழந்தைகளை முன்னால் விடுவார்கள். மைய வீதிகளை மூடிவிடுவதால் காரை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும். பச்சை உடை நன்றாகவே இருக்கும். செம்மஞ்சள் தாடி ஒட்டிக் குள்ளன் வேடம் போடுவது உள்ளூரில் பலருக்குப் பிடிக்காது. வெடிகுண்டின் பெயரில் அமெரிக்காவில் புழங்கும் ஒரு காக்டெயிலை இங்கே கேட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட குண்டுகளில் சொந்தங்களை இழந்தவர்கள் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

டிங்கிளில் ஊர்வலம் விடியற்காலை 6 மணிக்கே, இருட்டில், குழலும் பறையுமாகக் கிளம்பும். அந்தப் பருவத்தில் சூரியன் உதிப்பதே முக்கால் மணி நேரம் கழித்துத்தான். கில்லார்னியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. முந்தைய இரவே டிங்கிளில் தங்கினால் அதைப் பார்த்துவிட்டு கில்லார்னி ஊர்வலத்துக்கும் வந்துவிடலாம்.

சோடா ரொட்டி

சமையலறை உள்ள அறை எடுத்திருந்தால் ஒரு நாள் இதைச் செய்யுங்கள். ஈஸ்ட் இல்லை, முட்டை இல்லை, ஒரு மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடும்.

மைதா 450 கிராம், சமையல் சோடா தட்டையாக ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மில்லி. அங்கே சோடா 'பிரெட் சோடா' என்ற பெயரில் இருக்கும். பேக்கிங் பவுடர் வேறு பொருள். 'ஸ்ட்ராங்' என்று எழுதிய ரொட்டி மாவை எடுக்காதீர்கள். அதில் பசைச்சத்து அதிகம், ரொட்டி ரப்பராகிவிடும். சூப்பர்மார்க்கெட் பட்டர்மில்க் கிடைக்காவிட்டால் 350 மில்லி பாலில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள்.

முதலில் ஓவனை 230 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 20 டிகிரி குறைவு. சோடாவும் மோரின் புளிப்பும் தொட்ட கணமே வாயு கிளம்பத் தொடங்கிவிடும், மாவைப் பிசைந்துவிட்டு ஓவனுக்காகக் காத்திருந்தால் அந்த வாயு போய்விடும். சோடாவைக் கட்டியில்லாமல் சலித்து மாவோடு கலந்து, நடுவில் குழி செய்து, மோரில் முக்கால்வாசியை ஒரேயடியாக ஊற்றுங்கள். விரல்களை விறைப்பாக விரித்து நடுவிலிருந்து வெளியே வட்டமாகக் கிளறுங்கள். வறட்சியாக இருந்தால் மீதி மோர். ஒரு நிமிடத்தில் சேர்ந்துவிடும். மென்மையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் போதும், சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையக் கூடாது.

மாவு தூவிய பலகையில் போட்டு நான்கு சென்டிமீட்டர் உயர வட்டமாகத் தட்டி, கத்தியால் விளிம்புவரை ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு, நான்கு கால் பகுதியிலும் ஒரு குத்து குத்துங்கள். தேவதைகள் வெளியேற வழி என்பார்கள். கீறல் ஆழமாக இருந்தால் நடுப்பகுதிக்குச் சூடு இறங்கும், மேலோட்டமாகக் கீறினால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். 15 நிமிடம் 230-இல், பிறகு 200-க்குக் குறைத்து 25 முதல் 30 நிமிடம். எடுத்துத் திருப்பி அடியில் தட்டினால் 'டொக்' என்று வெற்றொலி வர வேண்டும். உள்ளே மஞ்சள் புள்ளிகளும் சோப்புச் சுவையும் இருந்தால் சோடா சலிக்கப்படவில்லை அல்லது அளவு கூடிவிட்டது. மேல் ஓடு மென்மையாக வேண்டுமானால் சூட்டோடு துணியில் சுற்றி வையுங்கள். உப்பு வெண்ணெயோடு அன்றைக்கே சாப்பிட வேண்டும், மறுநாள் டோஸ்ட் போட்டால்தான் எடுபடும்.

பப்பில் சைவம் கேட்பவர்களுக்கு இந்த ரொட்டியோடு காய்கறி சூப் கிடைக்கும், சூப்பின் அடிச்சாறு கோழியா என்று கேட்டுவிடுங்கள். முட்டைக்கோஸ் கலந்து மசித்த உருளைக்கிழங்கான கோல்கேனன் சைவம்தான். 'பேக்கன் அண்ட் கேபேஜ்' பன்றி இறைச்சி, ஐரிஷ் ஸ்டூவில் ஆட்டிறைச்சி.

பப், பந்தாட்டம், திரும்பும் வழி

நான்கு பேராகப் போனால் ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்குவது வழக்கம், அதற்குப் பெயர் 'ரவுண்ட்'. ஐரிஷ்காரர் ஒருவர் உங்களுக்கு வாங்கிக் கொடுத்தால் அடுத்த முறை உங்களுடையது. மது குடிக்காதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டு எலுமிச்சைச் சோடாவோடு ரவுண்டில் சேரலாம், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஸ்டௌட் என்ற கருப்பு பீரைக் கோப்பையைச் சாய்த்து முக்கால் பங்கு நிரப்பி, நுரை தெளியும்வரை வைத்துவிட்டு, பிறகு மீதியை ஊற்றுவார்கள். இடையில் கையை நீட்டாதீர்கள். மார்ச் மாதத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பாரில் இருக்கச் சட்டம் இடம் தராது. குழந்தைகளோடு போகிறவர்கள் மாலையிலேயே தொடங்கும் செஷன் எது என்று கேட்டு வையுங்கள்.

அந்த வாரக் கடைசியில் கேலிக் கால்பந்தோ (ஐரிஷ் மரபுக் கால்பந்து), மட்டையால் ஆடும் ஹர்லிங்கோ நடந்தால் டிக்கெட் வாங்கிவிடுங்கள். கெர்ரி கால்பந்துப் பைத்தியம் பிடித்த கவுன்டி. கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கால்பந்தில் மட்டும் 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி. பலகையில் 2-14 என்று இருந்தால் இரண்டு கோலும் 14 புள்ளியும், மொத்தம் 20.

ஊரைச் சுற்றிக் காட்டும் குதிரை வண்டியில் ஏறும் முன் எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு, எத்தனை யூரோ என்று மூன்றையும் பேசிவிடுங்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கு ரத்தத்தில் மது வரம்பு 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். ஐரிஷ் லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் 20. விடுமுறையின் மறுநாள் காலையிலும் கார்டா (ஐரிஷ் போலீஸ்) சோதனை இருக்கும். முந்தைய இரவு குடித்தது காலையில் முழுதாக இறங்கியிருக்காது, ஆகவே 18-ஆம் தேதி கார் ஓட்டுவதாக இருந்தால் அதை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது குடிக்காதவர் கையில் சாவியைக் கொடுங்கள்.